பழைய சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்புமுன் விளம்பரத்தைச் சோதியுங்கள்

விளம்பரத்தில் மடக்கு சைக்கிள் ஒன்றின் படம். கீறல் இல்லை, துரு இல்லை. “வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டுக்குக் குடிபெயர்வதால் விற்கிறேன்” என்று ஒரு குறிப்பு. விலை 380 வெள்ளி. அதே சைக்கிளை மற்றவர்கள் 800 வெள்ளிக்குக் குறையாமல் விற்கிறார்கள்.

விசாரித்துச் செய்தி அனுப்பினால் இரண்டே நிமிடத்தில் பதில் வருகிறது. “நிறைய பேர் கேட்கிறார்கள். 100 வெள்ளி முன்பணம் போட்டால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்.” பேநவ் வழியாக 100 வெள்ளி போகிறது. அடுத்து, வீட்டிற்குக் கொண்டுவந்து தர 60 வெள்ளி. பிறகு, “பொருள் சேர்ந்ததும் திரும்பக் கிடைக்கும்” என்ற உறுதியுடன் காப்புறுதிக் கட்டணமாக 120 வெள்ளி. சைக்கிள் வருவதாகச் சொன்ன நாளில் யாரும் வரவில்லை. செய்திகளுக்குப் பதில் இல்லை. மாலைக்குள் அந்த விளம்பரமும் காணாமல் போய்விடுகிறது.

சிங்கப்பூரில் பழைய சைக்கிள் விளம்பர மோசடிகளின் வழக்கமான வடிவம் இதுதான். சைக்கிளுக்குப் பதில் கைப்பேசி, பால்மாவு, இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு என்று பொருள் மாறலாம், நாடகம் மாறுவதில்லை. காவல்துறையின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாகின. பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தவை 11,665 சம்பவங்களுடன் மின்வணிக மோசடிகள். முதலீட்டு மோசடிகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு சம்பவத்திலும் இழக்கும் தொகை சிறியதுதான். ஆனால் உணவு விநியோகம் செய்து பிழைப்பவருக்கோ, தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்குச் சைக்கிளில் போகும் ஊழியருக்கோ 280 வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. சைக்கிளும் இல்லை, மறுபடி வாங்கப் பணமும் இல்லை என்ற நிலையில் அவர் நிற்கிறார்.

சந்தையிலிருந்து திரைக்கு

ஒரு காலத்தில் பழைய பொருள் வாங்க நினைத்தவர்கள் சுங்கை ரோடு சந்தைக்குப் போனார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி கடைசியாக இயங்கி மூடப்பட்டது. அங்கேயும் ஏமாற்று இருந்தது. ஆனால் பொருள் கண்முன் இருந்தது. தூக்கிப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், பேரம் படியாவிட்டால் நடையைக் கட்டலாம்.

இன்று அந்த வியாபாரம் கேரோசல், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், டெலிகிராம் குழுக்கள் என்று கைப்பேசித் திரைக்குள் நடக்கிறது. நேர்மையான விற்பனையாளர்களே அங்கு அதிகம். பிள்ளை வளர்ந்துவிட்டதால் சின்ன சைக்கிளை விற்கும் பெற்றோர், புதிது வாங்கியதால் பழையதைக் கழிக்கும் ஆர்வலர், வீவக வீட்டு நடைபாதையில் இடம் இல்லாததால் விற்பவர் எனப் பலர். மோசடிக்காரர் இவர்களின் நடுவே இவர்களைப் போலவே எழுதி நிற்கிறார். பிரித்தறிவதற்குச் சில அடையாளங்கள் உதவும்.

முதல் அடையாளம்: விலை

விலை குறைவு என்பதே மோசடிக்கு ஆதாரமாகாது. அவசரமாக வீடு மாறுபவர் உண்மையிலேயே மலிவாகக் கொடுப்பார். ஆனால் சந்தை விலையில் பாதி, அதற்கும் கீழே என்றால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

அதற்கு முதலில் சந்தை விலை தெரிந்திருக்க வேண்டும். ஒரே மாதிரி சைக்கிளுக்கான பத்து விளம்பரங்களையாவது பார்த்து, மிக அதிகமான விலையையும் மிகக் குறைந்த விலையையும் ஒதுக்கிவிட்டால் நடுவில் நிற்பது ஏறக்குறைய சரியான விலை. விற்று முடிந்தவை எனக் குறிக்கப்பட்ட விளம்பரங்கள் இன்னும் நல்ல அளவுகோல். புதிய சைக்கிளின் கடை விலையையும் பார்த்துக்கொள்வது நல்லது. புதியதே 300 வெள்ளிக்குக் கிடைக்கும்போது பழையதற்கு 280 கொடுப்பதும் ஒருவகை நட்டம்தான்.

மோசடிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் பெயர் பிராம்ப்டன். லண்டனில் தயாராகும் இந்த மடக்கு சைக்கிள் இங்கே புதிதாக 2,000 வெள்ளிக்கு மேல் விற்கப்படுகிறது. பழையதாக இருந்தாலும் விலை அவ்வளவாக இறங்குவதில்லை. அதனால் “பிராம்ப்டன், 600 வெள்ளி” என்ற விளம்பரத்தில் மூன்று சாத்தியங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். சைக்கிளே இல்லை, அல்லது அது திருட்டுச் சைக்கிள், அல்லது அதே பாணியில் மூன்றாக மடியும் வேறு பிராண்ட் சைக்கிளின் மீது பிராம்ப்டன் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. மூன்றாக மடியும் வேறு பிராண்ட் சைக்கிள்கள் சட்டப்படி, அவற்றின் சொந்தப் பெயரில், குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. பெயரை மாற்றி விற்பதுதான் ஏமாற்று.

பந்தய சைக்கிள்களில் கார்பன் சட்டங்களுக்கும் இது பொருந்தும். புகழ்பெற்ற நிறுவனப் பெயர் பூசிய போலிச் சட்டங்கள் உலகெங்கும் புழங்குகின்றன. கார்பனில் உள்ளே ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாமலும் இருக்கும். வேகமாகப் போகும்போது சட்டம் முறிந்தால் போவது பணம் மட்டுமல்ல.

இரண்டாவது: படங்கள்

இல்லாத சைக்கிளை விற்பவருக்குப் படம் வேண்டும். அதை அவர் வேறொருவரின் விளம்பரத்திலிருந்தோ, வெளிநாட்டுக் கடையின் பக்கத்திலிருந்தோ எடுக்கிறார். கூகல் லென்ஸ் போன்ற வசதியில் அந்தப் படத்தைப் போட்டுத் தேடினால், அதே படம் வேறு நாட்டில், வேறு பெயரில், சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்திருப்பது பல நேரங்களில் தெரிந்துவிடும்.

படத்தின் பின்னணியும் பேசும். உட்லண்ட்சில் இருப்பதாகச் சொல்பவரின் சைக்கிள் செங்கல் சுவரும் உலர்ந்த இலைகளும் கிடக்கும் தெருவில் நிற்கிறதா? சுவரில் தெரியும் மின்செருகி நம் ஊரின் மூன்று துளைச் செருகிதானா? பின்னால் நிற்கும் காரின் எண் பலகை எந்த நாட்டுடையது? ஒரே விளம்பரத்தின் நான்கு படங்களில் நான்கு விதமான தரை தெரிகிறதா? ஒரு படத்தில் கறுப்பு இருக்கையும் அடுத்த படத்தில் பழுப்பு இருக்கையும் உள்ளனவா? இவை சில நொடிகளில் பார்த்துவிடக்கூடியவை.

சந்தேகம் இருந்தால் புதிய படம் கேட்பதே சிறந்த வழி. சைக்கிளின் இருக்கைமேல் அன்றைய தேதி எழுதிய தாளை வைத்து எடுத்த படம் கேட்கலாம். ஆனால் படத்தைத் திருத்துவது இப்போது எளிது என்பதால் அதையும் முழுமையாக நம்ப முடியாது. நேரடிக் காணொளி அழைப்பில் கியரை மாற்றிக் காட்டச் சொல்லலாம், பிரேக்கை அழுத்திக் காட்டச் சொல்லலாம், சைக்கிளை மடித்துக் காட்டச் சொல்லலாம். சைக்கிளை உண்மையில் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. இல்லாதவருக்குக் கேமரா பழுதாகிவிடும், வேலையில் இருப்பார், சைக்கிள் உறவினர் வீட்டில் இருக்கும்.

மூன்றாவது: விவரங்கள்

உண்மையான சொந்தக்காரருக்குத் தன் சைக்கிளைப் பற்றித் தெரியும். எப்போது டயர் மாற்றினார், எந்த கியர் சில நேரம் நழுவும், எங்கே கீறல் விழுந்தது என்று சொல்வார். சில வேளைகளில் கேட்காமலேயே சொல்வார். குறையே இல்லை என்று சொல்லும் பழைய சைக்கிள் விளம்பரத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

கேட்டுப் பார்க்க ஏற்ற சில கேள்விகள் உண்டு. மடக்கு சைக்கிளில் “20 அங்குலச் சக்கரம்” என்று எழுதியிருந்தால், அது 406 அளவா 451 அளவா என்று கேட்கலாம். இரண்டும் 20 அங்குலம் என்றே அழைக்கப்பட்டாலும் ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். பிராம்ப்டனின் வழக்கமான 16 அங்குலச் சக்கரத்தின் எண் 349. பெரிய சைக்கிளாக இருந்தால் சட்டத்தின் அளவு என்ன, எவ்வளவு உயரம் உள்ளவர் ஓட்டினார் என்று கேட்கலாம். பதில் உடனே தெரியாமல் இருப்பது குற்றமில்லை. “பார்த்துச் சொல்கிறேன்” என்று டயரைப் படம் எடுத்து அனுப்புபவர் நம்பத்தக்கவர். கேள்வியைத் தாண்டிப் போய் “எப்போது பணம் போடுவீர்கள்?” என்று கேட்பவர்தான் கவனிக்கப்பட வேண்டியவர்.

இன்னொன்று சட்ட எண். பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சு செல்லும் பகுதிக்கு அடியில், சைக்கிளைக் கவிழ்த்தால் தெரியும் இடத்தில், இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணின் படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், நேரில் பார்க்கும்போது ஒப்பிடலாம். எண் சுரண்டப்பட்டிருந்தால் அந்தச் சைக்கிளை வாங்காமல் விடுவதே நல்லது.

நான்காவது: கணக்கு

விற்பவரின் பக்கத்திற்குப் போனால் அவர் எப்போது கணக்குத் தொடங்கினார், வேறு என்ன விற்கிறார், மற்றவர்கள் என்ன கருத்து எழுதியிருக்கிறார்கள் என்பவை தெரியும். போன வாரம் தொடங்கிய கணக்கில் சைக்கிள், விளையாட்டுக் கருவி, விலை உயர்ந்த கைப்பை, நுழைவுச்சீட்டு எல்லாம் பாதி விலைக்கு இருந்தால் விலகிவிடலாம்.

பழைய கணக்கு என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. மற்றவரின் கணக்கைக் கைப்பற்றியோ விலைக்கு வாங்கியோ விளம்பரம் போடுவதும் நடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கிடைத்த நல்ல கருத்துகள், பிறகு நீண்ட மௌனம், திடீரென்று இந்த வாரம் பத்து விளம்பரங்கள் என்றிருந்தால் அது ஓர் எச்சரிக்கை. நல்ல கருத்துகள் எல்லாம் அவர் பொருள் வாங்கியபோது கிடைத்தவையா, விற்றபோது கிடைத்தவையா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வெள்ளிப் பொருள்களை வாங்கிச் சேர்த்த பாராட்டு, 800 வெள்ளி சைக்கிளுக்குச் சான்றாகாது.

சிங்பாஸ் மூலம் அடையாளம் உறுதிப்படுத்தப்பட்டதற்கான குறி இருப்பது கூடுதல் பலம். கைப்பற்றப்பட்ட கணக்கிலும் அந்தக் குறி இருக்கக்கூடும் என்பதால் மற்ற சோதனைகளைக் கைவிடக் கூடாது. தளத்திற்குத் தளம் பாதுகாப்பும் மாறுபடும். உள்துறை அமைச்சு 2022 மே மாதம் மின்வணிகத் தளங்களுக்கான பரிவர்த்தனைப் பாதுகாப்புத் தரமதிப்பீட்டை அறிமுகப்படுத்தியது. அதிகபட்சம் நான்கு குறிகள். அந்த முதல் மதிப்பீட்டில் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசுக்கு ஒரு குறி மட்டுமே கிடைத்தது.

ஐந்தாவது: பேச்சு எங்கே நகர்கிறது

தளத்திற்குள் தொடங்கிய உரையாடலை “வாட்ஸ்அப்பில் பேசலாம்”, “டெலிகிராமுக்கு வாருங்கள்” என்று வெளியே இழுப்பது மோசடியின் முக்கியமான கட்டம். தளத்திற்குள் நடக்கும் பேச்சு பதிவாக இருக்கும், புகார் வந்தால் கணக்கை முடக்கலாம். வெளியே போய்விட்டால் அந்த வசதி இல்லை. சந்திப்பதற்காகத் தொலைபேசி எண் கேட்கும் நேர்மையானவர்களும் உண்டு. சந்திப்பு உறுதியாகும்வரை பேச்சைத் தளத்திலேயே வைத்துக்கொள்வதால் அவர்களுக்கும் இழப்பு எதுவும் இல்லை.

அடுத்தது அவசரம். “இன்னொருவர் இப்போதே வருகிறார்”, “இன்று இரவுக்குள் முடிவு சொல்லுங்கள்” என்ற வார்த்தைகள் யோசிக்க நேரம் தராமல் இருப்பதற்காகவே சொல்லப்படுகின்றன. ஒரு சைக்கிள் கைநழுவினால் இன்னொரு சைக்கிள் வரும்.

முன்பணம்: இங்கேதான் பணம் போகிறது

எல்லா அடையாளங்களும் கடைசியில் வந்து சேரும் இடம் முன்பணம். முன்பணம் கேட்பவர் எல்லாரும் மோசடிக்காரர் இல்லை. வருகிறேன் என்று சொல்லி வராமல் போகும் வாங்குபவர்களால் நொந்துபோன விற்பனையாளர்களும் கேட்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவரால் இருவரையும் பிரிக்க முடியாது. அதனால் நேரில் பார்க்காத சைக்கிளுக்கு வங்கிக் கணக்கிற்கு நேராகப் பணம் அனுப்புவதில்லை என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது. விற்பவர் உறுதி கேட்டால், பொருள் கைக்கு வரும்வரை பணத்தைத் தளமே நிறுத்திவைக்கும் கட்டண வசதியைப் பயன்படுத்தலாம் என்று சொல்லலாம். அதையும் மறுத்தால் வேறு விளம்பரம் பார்க்கலாம்.

பேநவ் வழியாக அனுப்பும்போது, உறுதிப்படுத்துவதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். அந்தப் பெயரும் விற்பவர் சொன்ன பெயரும் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். “என் மனைவியின் கணக்கு”, “நண்பரின் கணக்கு”, “நிறுவனக் கணக்காளர்” என்ற விளக்கங்கள் வரும். பெரும்பாலும் அது வேறொருவரிடமிருந்து வாங்கப்பட்ட கணக்காக இருக்கும்.

ஒருமுறை பணம் போய்விட்டால் அடுத்தடுத்த கட்டணங்கள் வரும். விநியோகக் கட்டணம், சுங்க வரி, காப்புறுதி எனப் பெயர் மாறும். “ஏற்கெனவே 100 போட்டுவிட்டோம், இன்னும் 60 போட்டால் சைக்கிள் வந்துவிடுமே” என்ற எண்ணத்தைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். முதல் 100 போனது போகட்டும் என்று நிறுத்துபவர் மீதியைக் காப்பாற்றுகிறார்.

நேரில் பார்க்கும்போது

சந்திப்புக்குப் பகல் நேரமும் ஆள் நடமாட்டமுள்ள இடமும் ஏற்றவை. எம்ஆர்டி நிலைய வாசல், விற்பவரின் வீவக புளோக் கீழ்த்தளம் போன்றவை போதும். முடிந்தால் சைக்கிள் பற்றித் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகலாம்.

முதலில் சட்ட எண்ணைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றி, கோணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரு பிரேக்குகளையும் தனித்தனியாக அழுத்திச் சோதிக்க வேண்டும். மடக்கு சைக்கிளில் சட்டத்தின் நடுவிலுள்ள கீலும் கைப்பிடித் தண்டின் கீலும் ஆடாமல் இறுக வேண்டும். பற்றவைத்த இடங்களில் மெல்லிய கோடு போல விரிசல் தெரிந்தால் வாங்கக் கூடாது. கடைசியாக ஐந்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்து, எல்லா கியரையும் மாற்ற வேண்டும்.

மடக்கு சைக்கிளை எம்ஆர்டியிலோ பேருந்திலோ கொண்டுபோக நினைப்பவர் அளவுநாடாவும் எடுத்துச் செல்வது நல்லது. மடித்த நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்திற்கு மேல் இருந்தால் அனுமதி இல்லை.

வாங்கிய ரசீதையோ, கடையின் உத்தரவாத அட்டையையோ கேட்பது தவறில்லை. ரசீதைத் தொலைத்தவர்கள் நிறைய பேர். ஆனால் எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்ற கேள்விக்குத் தடுமாற்றம் இல்லாத பதில் வர வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். “மலிவாகக் கிடைத்தது, கேள்வி கேட்கவில்லை” என்பது நல்ல தற்காப்பு ஆகாது.

மின்சைக்கிளில் கூடுதல் கவனம்

மின்சைக்கிள் வாங்குபவருக்கு மோசடியோடு சட்டச் சிக்கலும் காத்திருக்கிறது. மின்சைக்கிள்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டு, ஆரஞ்சு நிற முத்திரையும் எண் பலகையும் கொண்டிருக்க வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். வண்டியின் எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அவர் கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

ஆகவே “பெடல் மிதிக்கவே வேண்டாம்”, “40 கிலோமீட்டர் வேகம்”, “பதிவு பிறகு செய்துகொள்ளலாம்” என்று எழுதியுள்ள விளம்பரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முத்திரை இருந்தாலும், பதிவை ஆணையத்தின் இணையச் சேவை வழியாக வாங்குபவரின் பெயருக்கு மாற்றிய பிறகே முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும். மின்கலம் அசல்தானா, மாற்றப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். மாற்றியமைத்த மின்கலத்தை வீவக வீட்டிற்குள் இரவு முழுவதும் மின்னூட்டுவது தீ ஆபத்து.

விற்பவருக்கும் வலை உண்டு

சைக்கிளை விற்க நினைப்பவரும் தப்புவதில்லை. வாங்குவதாகச் சொல்பவர் விலை பேசாமல் ஒப்புக்கொள்வார். “பணம் கட்டிவிட்டேன், பெற்றுக்கொள்ள இதை அழுத்துங்கள்” என்று ஓர் இணைப்போ கியூஆர் குறியீடோ அனுப்புவார். தளத்தின் பெயரும் சின்னமும் கொண்ட அந்தப் போலிப் பக்கம் வங்கி அட்டை எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்கும். பணம் பெறுவதற்குக் கடவுச்சொல் தேவையில்லை என்பதை நினைவில் வைத்தாலே இந்த வலையில் விழாமல் இருக்கலாம்.

மற்றொன்று, பணம் அனுப்பியதாகக் காட்டும் போலித் திரைப்படம். வாங்குபவரின் கைப்பேசியில் தெரிவதை நம்பாமல், தன் சொந்த வங்கிச் செயலியைத் திறந்து, தொகை வந்து சேர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகே சைக்கிளை ஒப்படைக்க வேண்டும். “தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்பதும் இதே வகைதான்.

கணக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்

மோசடிக்காரருக்குப் பணம் போய்ச் சேரும் கணக்கு பெரும்பாலும் அவருடையது அல்ல. வேலை முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டு ஊழியரிடம், “கணக்கு இனி உனக்கு எதற்கு? அட்டையையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டுப் போ, சில நூறு வெள்ளி தருகிறேன்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிங்பாஸ் விவரங்களை விலை பேசுவதும் நடக்கிறது. இவை குற்றங்கள். மோசடிக்குப் பயன்படும் வகையில் சிம் அட்டையைத் தன் பெயரில் வாங்கி மற்றவருக்குக் கொடுப்பதையும் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் தனிக் குற்றமாக்கியுள்ளது. ஒரு சைக்கிளுக்காக யாரோ இழந்த 280 வெள்ளி, கணக்கைக் கொடுத்த ஊழியரின் பெயரில்தான் பதிவாகும். காவல்துறை முதலில் தேடி வருவதும் அவரைத்தான்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை வங்கியை அழைப்பது. நேரம் கடக்கக் கடக்கப் பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துகொண்டே போகும். வங்கி அட்டை விவரத்தையோ கடவுச்சொல்லையோ கொடுத்திருந்தால், வங்கிச் செயலியிலுள்ள அவசர முடக்க வசதியை உடனே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது காவல்துறையில் புகார். அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ இணையம் வழியாகவோ புகார் கொடுக்கலாம். காவல்துறை 2019 ஜூனில் அமைத்த மோசடித் தடுப்பு நிலையம், வங்கிகளோடு சேர்ந்து கணக்குகளை முடக்கும் பணியைச் செய்கிறது. புகாருக்கு முன் விளம்பரம், விற்பவரின் பக்கம், உரையாடல், பணப் பரிமாற்ற எண், பெறுபவர் பெயர் ஆகிய அனைத்தையும் திரைப்படமாகச் சேமித்துவிட வேண்டும். கோபத்தில் உரையாடலை அழித்துவிட்டால் ஆதாரமும் போய்விடும்.

மோசடியா இல்லையா என்ற சந்தேக நிலையிலேயே ஆலோசனை கேட்க, ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799 நாள் முழுவதும் இயங்குகிறது. பணம் அனுப்புவதற்கு முன் அழைப்பதுதான் அதன் சரியான பயன்பாடு. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி வங்கிகள் 2023 நவம்பருக்குள் அறிமுகப்படுத்திய பணப் பூட்டு வசதியில் சேமிப்பின் ஒரு பகுதியைப் பூட்டி வைத்தால், அந்தத் தொகையை இணையம் வழியாக எடுக்க முடியாது.

விற்பவர் யார் என்று தெரிந்து, சைக்கிளும் கைக்கு வந்து, சொன்னதற்கு மாறாக அது இருந்தால் வழக்கு வேறு. அத்தகைய தகராறுகளுக்குச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, அது விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

தனிநபரிடம் வாங்குவதைவிடக் கடையில் பழைய சைக்கிள் வாங்குவது சில வெள்ளி கூடுதலாகலாம். ஆனால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம், கடைகளில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். தனிநபர்களுக்கு இடையிலான விற்பனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவசரத் தேவை உள்ளவர்கள், முதன்முறை வாங்குபவர்கள் குடியிருப்புப் பேட்டைச் சைக்கிள் கடைகளை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி, அதற்குக் கட்டணம் கேட்டு வருபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அது இரண்டாவது மோசடி.

பணம் அனுப்புமுன் கேட்டுக்கொள்ள

- இதே சைக்கிளின் வழக்கமான விலை எனக்குத் தெரியுமா?
- படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேனா?
- புதிய படமோ நேரடிக் காணொளியோ கிடைத்ததா?
- டயர் அளவு, சட்ட எண் கேட்டபோது நேரான பதில் வந்ததா?
- விற்பவரின் கணக்கு எவ்வளவு பழையது? விற்பனை பற்றிய கருத்துகள் உள்ளனவா?
- பேச்சைத் தளத்திற்கு வெளியே இழுத்தாரா?
- பெறுபவர் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா?
- மின்சைக்கிள் என்றால் ஆரஞ்சு முத்திரையும் பதிவும் உள்ளனவா?
- சைக்கிளை நான் கண்ணால் பார்த்துவிட்டேனா?
- வீட்டிலோ விடுதியிலோ வேறு ஒருவரிடம் இதைக் காட்டினேனா?

கடைசிக் கேள்விதான் பலர் தவறவிடுவது. ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம். அதனால் ஒரே விளம்பரம் ஒரே தங்குவிடுதியில் அடுத்தடுத்த அறைகளில் இருப்பவர்களையும் ஏமாற்ற முடிகிறது. வாங்குமுன் ஒருவரிடம் காட்டுவதும், ஏமாந்தபின் நான்கு பேரிடம் சொல்வதும் அடுத்தவரின் பணத்தைக் காக்கும்.